உள்ளே மடித்துவிட்ட ஒன்றரை இஞ்சு

ஈஸ்ட்ரோஜன் ஆரம்பித்து எட்டு மாதம். இதுவரை ஆன்லைன் துணியிலேயே ஒப்பேற்றிய நான், இன்று மீனாட்சிபுரம் டெய்லர் அக்காவிடம் முதல் சுடிதாருக்கு அளவு கொடுக்கப் போனேன்.

டேப்பை எடுத்தார். விஷயம் தெரிந்தால் தைக்க மாட்டேன் என்பாரோ என்ற பயத்தில் நானே முந்திக்கொண்டேன்.

"அக்கா, நான் திருநங்கைங்க. ஹார்மோன் மாத்திரை சாப்புடறேன். மாரு தொட்டாலே நோவுது, டேப்பை இறுக்காதீங்க."

"செரி அம்மிணி. உள்ள மெத்துனு காட்டன் லைனிங் வெக்கறேன். ரெண்டு பக்கமும் ஒன்றரை இஞ்சு துணி மடிச்சு உடறேன், பொறவு பிரிச்சுக்கலாம்."

"எதுக்குங்கக்கா?"

"வளர்ற புள்ளைங்களுக்கு அப்படித்தான் தைப்பேன்."

எனக்கு இருபத்தாறு வயது. என் துணி இப்போது எட்டாம் வகுப்பு யூனிஃபார்ம்களோடு அடுக்கில் இருக்கிறது.

ஹார்மோனில் இருக்கும் தோழிகளே, அளவெடுத்தபடி கச்சிதமாகத் தைத்துவிட்டு மூன்றே மாதத்தில் மூச்சு முட்டியவர்கள் எல்லாம் கையைத் தூக்குங்கள்.