நெஞ்சுக்குள் ஒரு துணிக்குழாய்

அப்புத்தளைப் பக்கம், பெரகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. ஒரு தை மாதம் என் குரல் கம்மியது. சளி என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். சித்திரை விடுமுறை முடிந்த பிறகும் குரல் திரும்பவில்லை. கடைசி வாங்கில் உட்காரும் பிள்ளைகள் "டீச்சர், கேக்கல" என்று எழுந்து நிற்பார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் கணவர்தான் ஒருநாள், "இது சளி இல்லம்மா, பதுளைக்குப் போயிட்டு வருவோம்" என்று கிளம்ப வைத்தார்.

பதுளை ஆஸ்பத்திரியில் தொண்டை பார்த்தவர் யாழ்ப்பாணத்து இளம் டொக்டர், பெண். மெல்லிய குழாயை மூக்கு வழியாக விட்டு நெடுநேரம் பார்த்தார்.

"ரீச்சர், தொண்டையில பிழை ஒண்டும் இல்லை. இடப்பக்கக் குரல் நாண்தான் அசையுதில்லை. நெஞ்சை ஒருக்காப் படம் எடுத்துப் பாப்பம்."

"குரல் போனதுக்கு நெஞ்சை எதுக்குங்க பாக்கணும்?"

"குரலுக்குப் போற நரம்பு நேர போறேல்லை. நெஞ்சுக்குள்ள இறங்கி, பெருநாடியைச் சுத்தித்தான் மேல ஏறுது. அங்க ஏதும் அமத்துதோ எண்டு பாக்க வேணும்."

வெளியே வரிசை கதவைத் தாண்டி நின்றது. நாலு மாத்திரை எழுதி அனுப்பியிருக்கலாம். அவர் அனுப்பவில்லை. அதனால்தான் இன்று இதை எழுதுகிறேன்.

இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி, கைத்தடியின் பிடி போல வளைந்து கீழே இறங்குகிறது. அந்த வளைவு எனக்கு வீங்கியிருந்தது படத்தில் தெரிந்தது. சுவர் மெலிந்துவிட்டது, எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம் என்றார்கள். அதுவரை நான் தண்ணீர் வாளி தூக்கிக்கொண்டு படியேறியவள். அன்றிலிருந்து ஒரு பாத்திரத்தைக்கூடக் கணவர் தூக்கவிடவில்லை.

கொழும்பில் சத்திரசிகிச்சை நிபுணர் காகிதத்தில் படம் வரைந்து சிங்களத்தில் விளக்கினார். உடம்பை நன்றாகக் குளிர வைப்பார்கள். இதயத்தை நிறுத்துவார்கள். வீங்கிய வளைவை வெட்டிவிட்டுத் துணிக்குழாய் ஒன்றைத் தைத்து, தலைக்கும் கைகளுக்கும் போகும் மூன்று கிளைகளையும் அதில் இணைப்பார்கள். அந்த நேரம் மூளைக்கு மட்டும் தனியாக இரத்தம் ஓடும். ஆபத்தையும் மறைக்கவில்லை. கணவர் தலை குனிந்திருந்தார். நான்தான், "அப்புத்தளைக்காரிக்குக் குளிர் என்னங்க புதுசா?" என்றேன். கணவர் சிரிக்கவில்லை.

இரத்தம் நிறைய வேண்டியிருந்தது. தோட்டத்திலிருந்து ஆறு பேர் ரயிலேறி வந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் மாணவியின் தாய், கொழுந்து பறிப்பவள். மற்ற ஐந்து பேரிடம் எடுத்தார்கள். இவளிடம் எடுக்கவில்லை.

"எனக்கே ரத்தம் பத்தலையாம் டீச்சர். இவ்வளவு தூரம் வந்து ஒண்ணுக்கும் ஒதவாம போயிட்டேன்" என்று என் கட்டிலருகே நின்று அழுதாள். மற்றவர்கள் திரும்பிப் போனார்கள். அவள் போகவில்லை. பெண்கள் வார்டில் என் கணவர் தங்க முடியாது. "நான் இருக்கேண்ணே, நீங்க பயப்படாதீங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டாள்.

சத்திரசிகிச்சைக்குக் காலையில் கொண்டுபோனவர்கள் மாலையில்தான் வெளியே கொண்டுவந்தார்களாம். கண் விழிக்க இரண்டு நாள் ஆனது. தாதி ஒருவர் விரலை அசைக்கச் சொன்னார், அசைத்தேன். காலையும் அசைத்தேன். கண்ணாடிக்கு அப்பால் கணவர் இரு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். வார்டுக்கு வந்த பிறகு எனக்குத் தலை வாரியதும், கஞ்சி ஊட்டியதும், இருமல் வந்தால் தையல் வலிக்காமல் தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்ததும் அந்தத் தாய்தான். என் சொந்தத் தங்கை இருந்திருந்தாலும் அதைவிடச் செய்திருக்க மாட்டாள்.

குரல் முழுதாக வரவில்லை. நரம்பு நெடுநாள் நசுங்கியிருந்ததால் இவ்வளவுதான் என்றார்கள். எல்லாருக்கும் கேட்கும்படி வாங்குகளை அரைவட்டமாகப் போட்டுப் படிப்பிக்கிறேன். பதுளைக்குப் போய் டொக்டருக்கு நன்றி சொன்னேன். "படம் எடுக்கச் சொன்னது மட்டும்தானே ரீச்சர் நான்" என்றார். அந்த ஒரு சொல்லின் மேல்தான் நான் உயிரோடு நடக்கிறேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் மாணவியின் தாயை மட்டும் நான் விடவில்லை. இரத்தச்சோகைக்கு மருந்தெடுக்க மாதாமாதம் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். முதலில் முரண்டு பிடித்தாள். இப்போது அவளே, "டீச்சர், நாளைக்குக் கிளினிக் இருக்கு, மறந்துடாதீங்க" என்று வந்து சொல்கிறாள். போன மாதம் படியேறும்போது மூச்சு வாங்காமல் எனக்கு முன்னால் போய் நின்றாள்.