காது வைத்து வாங்கிய கார்

நாள் முழுக்க வெயிலில் நின்ற காரின் ரெக்சின் சீட்டில் டவுசரோடு உட்கார்ந்தால் தொடைத் தோல் சீட்டோடு ஒட்டிக்கொள்ளும், எழும்போது சர்ரென்று உரியும். அந்தச் சூட்டோடு பெட்ரோல் வாசமும், எங்களுக்கு முன்னால் அந்தக் காரை வைத்திருந்த யாரோ ஏற்றிப்போன கருவாட்டின் வாசமும் கலந்து வரும். இந்த வருஷம் நானே ஒரு பழைய காரை வாங்கி, வாங்கிய சந்தோஷம் ஆறுவதற்குள் அதை ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தி, பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, அந்த வாசம்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

எங்கள் ஊர் சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டி. எங்கள் வீடும் பெரியப்பா வீடும் எதிரெதிரே இருந்தன, நடுவில் பொதுவாக ஒரு காலி இடம். அப்பா பட்டாசுக் கம்பெனி லாரியில் கிளீனராக இருந்து ஓட்டப் பழகியவர். பெரியப்பா அதே கம்பெனியில் 'சாம்பிள்' வெடித்துப் பார்க்கிறவர். ஒவ்வொரு நாள் சரக்கிலும் ஒன்றிரண்டை எடுத்துப்போய்ப் பொட்டலில் பற்றவைத்து, சத்தத்தைக் கேட்டு, இது தேறும் இது தேறாது என்று அவர் சொன்னால் முதலாளியும் மறுபேச்சுப் பேசமாட்டார். ஆடிப்பெருக்கு கழிந்து சீசன் தொடங்கியதும் வடக்கேயிருந்து ஆர்டர் கொடுக்க வியாபாரிகள் வருவார்கள். அவர்களை விருதுநகர் ஸ்டேஷனிலிருந்து கம்பெனிகளுக்குக் கூட்டிவரக் கார் போதாது என்று பேச்சு இருந்தது. ஆளுக்குப் பாதி போட்டு ஒரு 'பிளசர்' கார் வாங்கி வாடகைக்கு விடலாம் என்று அண்ணனும் தம்பியும் முடிவு செய்தது அப்படித்தான்.

கார் பார்க்கப் போனபோது என்னையும் பெரியப்பா மகன் வேலுவையும் கூட்டிப்போனார்கள். வேலு என்னைவிட ஒரு வயது மூத்தவன். கூச்சத்தில் எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. கடையில் மிட்டாய் கேட்பதிலிருந்து வாத்தியாரிடம் ஒண்ணுக்குப் போகணும் என்று சொல்வது வரை எல்லாவற்றையும் எனக்காக அவன்தான் பேசுவான். "ஏலே, அவனுக்கு மூத்திரம் வந்தாலும் நீதாம்லே சொல்லணுமா?" என்று எங்கள் அம்மாவே அவனைக் கேலி செய்திருக்கிறாள்.

விற்கிறவர் காரைக் கிளப்பினார். பெரியப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பானெட் மேல் குனிந்து, கண்ணை மூடிக் காதைக் கொடுத்தார். கார் நடுநடுவே டமார் டமார் என்று வெடித்தது. பெரியப்பா முகம் மலர்ந்துவிட்டது. சத்தம் கணீரென்று இருக்கிறது, சரக்கு சுத்தம் என்றார். அப்பாவுக்கு அப்போதே மனசுக்குள் ஏதோ உறுத்தியதாம். அண்ணன் சொன்ன பிறகு எப்படி மறுப்பது என்று வாயை மூடிக்கொண்டாராம். இதை அப்பா என்னிடம் சொன்னது வெகுகாலம் கழித்து.

கார் வந்து ஊர் கூடிப் பார்த்த அந்தச் சில நாட்கள்தான் என் பிள்ளைப்பிராயத்தின் நல்ல நாட்கள். சாயந்தரம் கார் சும்மா நிற்கும்போது வேலு ஸ்டியரிங் முன்னால் உட்காருவான். பின் சீட்டில் நான் வடக்கத்தி வியாபாரி. வியாபாரி பேச வேண்டியதையும் வேலுவே எனக்கும் சேர்த்து, அவனுக்குத் தெரிந்த இந்தியில் பேசி, அவனே பதிலும் சொல்லி, எனக்கு ஒரு லோடு சரவெடியைத் தலையில் கட்டிவிடுவான். நான் தலையை மட்டும் ஆட்டினால் போதும்.

ஆடி முடிவதற்குள், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்பட்ட ஒரு வியாபாரியை ஏற்றிக்கொண்டு அப்பா போனபோது, ஆனைக்குட்டத்துக்குப் பிரியும் விலக்குப் பக்கம் கார் புகைந்து நின்றுவிட்டது. கயிறு கட்டி இழுத்துவந்தார்கள். சிவகாசியிலிருந்து வந்த மெக்கானிக் இஞ்சினைப் பிரித்துச் சாக்கில் பரப்பி வைத்துவிட்டு, உள்ளே ஒன்றும் மிச்சமில்லை, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகை கார் விலையில் பாதிக்கு மேல். பெரியப்பா மட்டும் நம்பாமல், அம்புட்டுச் சத்தம் போட்ட வண்டி எப்படிக் கெட்டுப்போகும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அது பலத்துல கத்தல அண்ணாச்சி, வலியில கத்திருக்கு."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. மறுநாள் கம்பெனியிலும் பெரியப்பா காதைப் பற்றிக் கேலி கிளம்பிவிட்டது. செலவை யார் ஏற்பது என்று பேச உட்கார்ந்தபோது அவர் பழைய பெரியப்பாவாக இல்லை. ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றாமல் ஓட்டியவன்தான் கொடுக்க வேண்டும் என்றார். வாழ்க்கையில் அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத அப்பா அன்றைக்கு, "காதை வச்சு வாங்குன வண்டிக்குக் காதுக்காரரே காசு வைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

மெக்கானிக் எடுத்துப்போன இஞ்சின், காசு வைக்க ஆளில்லாமல் சிவகாசியில் கிடந்தது. இஞ்சின் இல்லாத கார் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்றது. ஆயுத பூஜை வந்தது. பங்கை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடக் கூடாதே என்று அப்பா பானெட்டுக்குச் சந்தனம் பூசி மாலை போட்டார். பெரியப்பா அதே நேரத்தில் டிக்கிக்கு மாலை போட்டு எலுமிச்சம்பழம் வெட்டினார். ஒரே காருக்கு முன்னும் பின்னும் இரண்டு சூடம் எரிந்தது. தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. வேலு அந்தப் பக்கம் பொரித் தட்டோடு நின்றான், நான் இந்தப் பக்கம். அவன் ஒரு பிடிப் பொரியைக் கார்க் கூரை மேல் என் பக்கமாகத் தள்ளிவிட்டான். பெரியம்மா உள்ளேயிருந்து அதட்டலாகக் கூப்பிட்டதும் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் அப்போது ஐந்தாவதோடு சரி. ஆறாவதுக்கு சிவகாசிக்கு பஸ்ஸில் போக வேண்டும். நான் ஐந்தாவது முடித்ததும், ஏற்கெனவே அங்கே படிக்கும் வேலுவோடு போய்வருவேன் என்றுதான் முதலிலிருந்தே பேச்சு. என்னைத் தனியாக அனுப்புவதை யாரும் நினைத்தே பார்த்ததில்லை. பள்ளிக்கூடம் திறந்த அன்று பஸ் நிறுத்தத்தில் அவன் ஒரு ஓரம் பெரியப்பாவோடு நின்றான், நான் இன்னொரு ஓரம் தனியாக. அப்பா லோடு ஏற்றப் போய்விட்டார். பஸ் வந்தது. படிக்கட்டில் நல்ல கூட்டம். வேலு முண்டி ஏறிவிட்டு, ஜன்னல் வழியாக என்னையே பார்த்தான். கண்டக்டர் என்னைப் பார்த்து, "ஏறுதியா, இல்லையாலே?" என்றார். வேலு வழக்கம்போல, அவனும் வாரான் என்று ஒரு சொல் சொல்வான் என்று காத்து நின்றேன். அவன் வாயைத் திறந்தான், கீழே நின்ற பெரியப்பாவைப் பார்த்தான், மூடிக்கொண்டான். பஸ் போய்விட்டது.

மறுநாளும் அதே கதைதான். அதற்கு மறுநாள் நான் கிளம்பவில்லை. கார் வாங்க அப்பா பட்ட கடன் வட்டியோடு வளர்ந்துகொண்டிருந்ததால் வீட்டில் யாரும் என்னை வற்புறுத்தவும் இல்லை. "வாயுள்ள பிள்ளைதான் பொழைக்கும்" என்று மட்டும் அம்மா சொன்னாள். பிறகு பக்கத்தில் உட்காரவைத்துத் தீப்பெட்டி ஒட்டக் கற்றுக்கொடுத்தாள். பசைக் கையோடு நிமிர்ந்து பார்த்தால் வாசலில் கார் நிற்கும். அதில் யாரும் இருக்கமாட்டார்கள்.

அப்பாவும் பெரியப்பாவும் பேசாமலேயே காலமானார்கள். காரைப் பழைய இரும்புக்குப் போட்டு எடைபோட்ட பணத்தை, மூன்றாம் ஆள் ஒருவர்தான் இரண்டு வீட்டுக்கும் பிரித்துக் கொண்டுவந்து கொடுத்தார். கார் நின்ற இடத்தில் இப்போது ஆள் உயரச் சுவர் இருக்கிறது. பெரியப்பா வீட்டை யாருக்கோ விற்றுவிட்டார்கள். காரை வைத்துச் சண்டை போட்டவர்களில் இன்றைக்கு யாருமில்லை.

தீப்பெட்டித் தொழிலிலேயே நான் ஒரு பழைய கார் வாங்கும் அளவுக்கு வந்துவிட்டேன். வேலு இப்போது அச்சகங்களுக்கு லோடு வேன் ஓட்டுகிறான். விஸ்வநத்தத்தில் அவன் தன் வண்டியை வேலைக்கு விடும் ஒர்க்‌ஷாப் எது என்று எனக்குத் தெரியும். என் காரை நான் அங்கே கொண்டுபோனது அதனால்தான் என்று நினைக்கிறேன். மெக்கானிக் பையன் இஞ்சினைப் பிரிக்கணும் என்று தொகையைச் சொன்னான்; எனக்கு வாய் வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானத்துக்கு மேல் வேலுவின் வேன் வந்தது. என்னைப் பார்த்தான், திறந்து கிடந்த காரைப் பார்த்தான், நேரே மெக்கானிக்கிடம் போனான். "ஏப்பா, பேசாத மனுசன்னு அம்புட்டையும் அவரு தலையில கட்டுதியா?" என்று தொடங்கி, எதை மாற்ற வேண்டும், எது இன்னும் ஓடும் என்று ஒவ்வொன்றாகப் பேசி, சொன்ன தொகையைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிட்டான். பிறகு என்னிடம் வந்தான்.

"கவலப்படாதீக. வெள்ளிக்கிழம வந்து எடுத்துக்கோங்க. வீட்ல எல்லாரும் சொகமா இருக்காகளா?"

முதலாளிமாரிடம் பேசுகிற குரல். நான் தலையை ஆட்டினேன். அவன் லோடு இருக்கிறது என்று சொல்லி வேனில் ஏறிக் கிளப்பினான். பழையபடி என்னை 'லே' போட்டுப் பேசு என்று அவனிடம் எனக்குச் சொல்ல இருந்தது. எனக்காக எதையும் பேசிவிடக்கூடியவன் உலகத்தில் அவன் ஒருவன்தான். அதை அவனிடம் போய்ச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.