பிசைய வேண்டிய கன்னம்

லெபனானின் சைதா நகரக் கடைத்தெருவில் ஹியாமைத் தெரியாத பெண் கிடையாது. இருபத்தாறு வருடமாக ஒரே அலங்காரக் கடையில், ஒரே கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்று முகக் கிரீம் விற்றவள். கல்யாணம் என்று எதுவும் அமையவில்லை. வாடகைக் கார் ஓட்டும் அண்ணன் மிஸ்பாஹும் தனிக்கட்டைதான். ஐம்பத்து மூன்று வயதில் அவளுக்கென்று இருந்தது அந்த அண்ணனும் அந்த மேசையும்தான்.

பழைய முதலாளி ஓய்ந்து மகன் கடைக்கு வந்ததும் மேசைக்கு ஆபத்து வந்தது. மரியாதைக்காரன், அத்தை என்றுதான் கூப்பிடுவான். சுருக்கம் போக்கும் கிரீம் வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது விற்கிறவளின் முகத்தைத்தானே அத்தை, உள்ளே சரக்கு அறையில் உட்கார்ந்தால் உங்களுக்கும் கால் வலிக்காது என்றான். ஒரு மனுஷியை இத்தனை இனிப்பாகத் தள்ளிவிட முடியும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

மூன்று மாத அவகாசம் கேட்டுக்கொண்டு, தோல் டாக்டர் ருலாவிடம் போய்க் கன்னத்தில் கொலாஜன் ஊசி போட்டுக்கொண்டாள். இந்த மருந்து குழியை அடைப்பதில்லை, தோலை உசுப்பி அதுவே சதை வளர்க்கும்படி செய்கிறது, பலன் தெரிய மூன்று மாதமாகும் என்றார் டாக்டர். ஒரே ஒரு நிபந்தனை: ஐந்து நாளைக்கு, தினம் ஐந்து தடவை, ஐந்தைந்து நிமிடம் கன்னத்தை அழுத்திப் பிசைய வேண்டும். விட்டுவிட்டால் மருந்து ஓரிடத்தில் சேர்ந்து கட்டி தட்டிப்போகலாம்.

திங்கட்கிழமை ஊசி. விஷயம் மிஸ்பாஹுக்கு மட்டும்தான் தெரியும். சமையலறை வாசலில் சாய்ந்துகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் சொல்வது அவன் வேலை.

"மாவு பதமா வந்துடுச்சா, இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்தணுமா?"

"வாய மூடிக்கிட்டு மணியப் பாருண்ணே."

புதன்கிழமை காலையும் அப்படித்தான் நின்றான். மூணு நிமிஷம் ஆச்சு என்றான். அப்படியே வாசல் நிலையோடு சரிந்தான். கன்னத்தில் வைத்த கையை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்று சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்துவிட்டார்கள்.

வீடு நிறையப் பெண்கள். கசப்புக் காப்பி சுற்றி வந்தது. பெரியம்மா மகள் வஜீஹா வந்திறங்கி எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டாள். காலையில் பிசைந்தது மூன்று நிமிடத்தில் நின்றுபோனது ஹியாமுக்கு நினைவு வந்தது. அண்ணனைப் புதைத்த அன்றே இது நினைவு வருகிறதே என்று தன்னையே வெறுத்தாள். ஆனாலும் எழுந்து குளியலறைக்குப் போய், அழுதுகொண்டே கன்னத்தைப் பிசைய ஆரம்பித்தாள்.

தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வந்த வஜீஹா கண்டது, சிவந்த கன்னங்களையும் அவற்றின் மேல் இரண்டு கைகளையும். செத்தவருக்காகப் பெண்கள் முகத்தில் அறைந்துகொள்வதும், கூடாது என்று பக்கத்திலிருப்பவர்கள் கையைப் பிடித்துத் தடுப்பதும் அந்த ஊரில் காலங்காலமாக நடப்பது. வஜீஹா பாய்ந்து இரண்டு மணிக்கட்டையும் பற்றினாள்.

"கன்னத்துல அடிச்சுக்காதடி, ஹராம். நீ அடிச்சுக்கிட்டா அவனுக்கு அங்க மண்ணுக்குள்ள வேதனை."

"நான் அடிச்சுக்கலக்கா."

"பின்ன என்னடி பண்ற?"

ஹியாம் தலையைக் குனிந்துகொண்டு அவளோடு வெளியே வந்தாள்.

அதோடு சரி. மூன்று நாள் துக்கத்திலும் அவள் கை அவளுக்குச் சொந்தமாக இல்லை. வலது கை வஜீஹாவின் மடியில், இடது கை எதிர்வீட்டுக்காரியின் மடியில். படுக்கும்போதும் பக்கத்தில் படுத்து மணிக்கட்டின் மேல் கை போட்டுக்கொண்டாள் வஜீஹா. கொஞ்சம் அசைந்தால் பிடி இறுகும். அத்தனையும் பாசம்; அதோடு எப்படி மல்லுக்கட்டுவது? குனிந்து முத்தமிட்ட பெண்கள், அழுதழுது முகம் வீங்கிவிட்டதே என்று வருந்தினார்கள். அதில் பாதி வீக்கம் ஊசியுடையது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டம் கலைந்தபோது ஐந்து நாளும் போயிருந்தது.

இரண்டாம் மாதம் கட்டிகள் தலைகாட்டின. இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று, கொண்டைக்கடலை அளவில். டாக்டர் கட்டிக்குள் உப்புநீர் ஏற்றிப் பார்த்தார், நகரவில்லை.

"வேற ஊசின்னா மருந்து வச்சுக் கரைச்சிடலாம் மதாம். இதுக்கு அப்படி மருந்து இல்ல. ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ, தானா அடங்கினாத்தான் உண்டு. அஞ்சு நாளும் பிசைஞ்சீங்கதானே?"

பிசைந்தேன் என்று தலையாட்டினாள்.

மூன்றாம் மாதம் முடிந்த அன்று சின்ன முதலாளியே நாற்காலியைச் சரக்கு அறைக்குத் தூக்கிப் போனான். மெத்தை வைத்த நாற்காலி. மேசைக்குப் பின்னால் ஒரு சின்னப்பெண் நின்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை வஜீஹா பருப்புச் சோறு எடுத்துக்கொண்டு வந்தாள். முத்தமிட்டபோது ஹியாமின் கன்னத்துக் கட்டி அவள் முகத்தில் இடித்தது. விரலால் தடவிப் பார்த்தாள். கண் கலங்கியது.

"அன்னிக்கு நீ அடிச்சுக்கிட்டதுதானேடி இது?"

சொல்லிவிடலாமா என்று ஹியாமுக்கு வாய் வரை வந்தது. யாரிடம் சொல்வது? தெரிந்தவன் ஒருத்தன்தான், அவனும் போய்விட்டான்.

"என் தப்புடி. இன்னும் கொஞ்சம் முன்னாடியே வந்து பிடிச்சிருக்கணும்," என்று வஜீஹா அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள்.

ஹியாம் கையை இழுத்துக்கொள்ளவில்லை.