0.00 பேர்ச் காணிக்கு ஒரு வாரிசு

2009 ஓகஸ்ட் 11, செவ்வாய்க்கிழமை. காலை 10.20. மழைக்கு அறிகுறியே இல்லை. கச்சான் காற்று அடுப்பைத் திறந்து வைத்தது போல முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டு பிரிண்டர் ஒரு மனிதரை வாரிசாக்கியது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை அவள் வீட்டுக்கு வந்து குடியேறுவார். அப்படி என் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர் மருமகன் றிஸ்வி. கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். என்ன வேலை? ஒரு கொம்பியூட்டர் மொழிக்கு ரன்டைம் செய்கிறாராம். அந்த மொழியில் யார் என்ன புரோகிராம் எழுதினாலும் இந்த ரன்டைமின் மேல்தான் ஓடும். எந்த விருந்தென்றாலும் அடியில் விரிக்கிற பாய் மாதிரி.

அடுத்த வீட்டு ஹபீபாவின் சகோதரர் இந்த வருடம் நோயில் மௌத்தாகிவிட்டார். மனைவி பிள்ளைகளைக் கடல் முன்பே கொண்டுபோய்விட்டது. மிச்சம் சாய்ந்தமருதில் பன்னிரண்டு பேர்ச் காணி. அதற்கு வாரிசுகள் நால்வர்: உம்மா, ஹபீபா, தங்கை சிபானா, உம்மாவின் மறுமணத்தில் பிறந்த தம்பி. சிபானாவுக்குக் கல்யாணம். நோன்பு பிறக்குமுன் நிக்காஹ் முடிய வேண்டும். காணி எழுதாமல் நிக்காஹ் நடக்காது. மூவரும் தங்கள் பங்கை அவளுக்கே எழுதித் தரத் தயார். ஆனால் லோயர், யாருக்கு எவ்வளவு பங்கு என்று முதலில் தாளில் கேட்டார். கணக்கு மாஸ்டரான என்னிடம் வந்தார்கள்.

கஷ்டமான கணக்கா? உம்மாவுக்கு ஆறில் ஒன்று. சகோதரிகள் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. தம்பிக்கு ஆறில் ஒன்று. கூட்டினால் முழுசாக ஒன்று. மிச்சம் ஏதும் இருந்தால்தான் வாப்பாவின் தம்பிக்குப் போகும். மிச்சம் இல்லை.

கையால் மூன்று தரம் கூட்டினேன். மூன்று தரமும் சரி. சரியாக வந்துவிட்டால் எனக்கு நித்திரை வராது… றிஸ்வி தன் மொழியில் எழுதி வைத்திருந்த பாகப்பிரிவினைப் புரோகிராமில் நாலாம் தரம் போடச் சொன்னேன்.

திரையில் நாலு பேர். தாளில் ஐந்து பேர்!

ஐந்தாவது: வாப்பாவின் தம்பி, காசிம் சாச்சா. மிச்சத்துக்கு உரியவர் – 0.00 பேர்ச்.

சிபானாவுக்கு வாப்பா இல்லை, மூத்த நானாவும் இல்லை, உம்மா வழித் தம்பி நிற்க ஏலாது. அதனால் நிக்காஹ்வில் அவளுக்கு வலீயாக, பெண்ணைக் கொடுக்கும் பொறுப்பாளராக, நிற்கவேண்டியவர் இந்தக் காசிம் சாச்சாதான். கல்யாணக் கதை பேச அக்கரைப்பற்றிலிருந்து வந்தவர், என் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். பிரிண்டரிலிருந்து தாளை இழுத்ததும் அவர்தான்.

"மாஸ்டர், என்ட பேர் இரிக்கே!"

"அது பூச்சியம் சாச்சா," என்றேன்.

"பூச்சியமெண்டா பேர ஏன் அடிக்கணும்? தம்பி றிஸ்வி, நீ செல்லு. அந்தப் புள்ளிக்குப் பொறகு ரெண்டு பூச்சியம். அதுக்கும் பொறகு?"

மருமகன் பொய் சொல்லமாட்டார். அதுதான் அவரிடமுள்ள பெரிய குறை.

"பதினாறு பூச்சியத்துக்குப் பொறகு கொஞ்சம் இரிக்கி சாச்சா. அதுல ஒரு கிருமிகூடக் கால் வைக்க ஏலாது."

"அப்ப இரிக்கி!"

"அது பிழையா வந்த…"

"கொஞ்சமெண்டாலும் ஹக்கு ஹக்குத்தான், உரிமதானே. காணி உறுதிப் பத்திரத்துல என்ட பேரும் வரணும். கொம்பியூட்டர் என்ன, ஆள் பாத்தா கணக்குப் போடுது?"

ஆள் பார்த்துத்தான் போட்டிருந்தது. றிஸ்வி அதைக் கண்டுபிடிக்க பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும் நேரமாகிவிட்டது. அதுவரை சாச்சா கதிரையை விட்டு எழும்பவில்லை. ஆறு தேத்தண்ணி.

எனக்கு விளங்கியது இவ்வளவுதான். ஒரு புரோகிராமின் வேலையைப் பல கைகள் ஒரே நேரத்தில் செய்யும். அந்தக் கைகளுக்கு த்ரெட் என்று பெயர். ஆறில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் முடிவே இல்லை. எங்கேயோ வெட்டத்தான் வேண்டும். எங்கே வெட்டுவது என்பதை ஒவ்வொரு த்ரெட்டும் தனித்தனியே வைத்திருக்கும். திரைக்குக் கணக்குப் போட்ட த்ரெட்டுக்கு றிஸ்வியின் ரன்டைம் அளவு சொல்லி வைத்திருந்தது. அது கூட்டியபோது ஒன்று வந்தது. தாளுக்கு மறுபடி கணக்குப் போட்டது இன்னொரு த்ரெட். அதற்குள் பிரிண்டரின் மென்பொருள் விருந்தாளியாக வந்து, அளவை மாற்றிவிட்டுப் போயிருக்கிறது. அது கூட்டியபோது ஒன்றுக்கு மயிரிழை குறைந்தது. குறைந்தால் மிச்சம், மிச்சமென்றால் சாச்சா!

களத்தில் ஒருவர் மரைக்காலைத் தலை தட்டி அளக்க, மற்றவர் கோபுரமாக அளந்தால் நெல் எப்படிச் சரிவரும்?

"ஆறில ஒண்டு, நாலு, ஒண்டு எண்டு முழு எண்ணில கூட்டினா முடிஞ்சுதே மருமகன்?" என்றேன்.

"இந்தக் கணக்கு மட்டும் முடியும் மாமா. பாய் கிழிஞ்சு கிடக்கக்குள்ள, சோத்துத் தட்ட நகத்தி வெச்சு என்ன செய்ற?"

பாயையே தைத்தார். இனி எந்த த்ரெட் பிறந்தாலும் பிறந்தவுடனேயே அளவு சொல்லப்படும். வெளி மென்பொருள் வந்து போனால் மறுபடியும் சொல்லப்படும்.

நாட்டுக்கும் இப்படி ஒன்று செய்யக்கூடாதா? யுத்தம் முடிந்து மூன்று மாதம். அதே நான், அதே அடையாள அட்டை. ஒரு சோதனைச் சாவடியில் "போங்க ஐயா". அடுத்ததில் "இறங்கு". யார் எங்கே அளவை மாற்றினார்களோ… சரி, காணிக்கு வருவோம்.

மறுபடி அடித்தோம். தாளிலும் நாலு பேர். நான் 'அல்ஹம்துலில்லாஹ்' என்றேன். சாச்சா எழும்பினார். முகம் கறுத்திருந்தது.

"காலையில வாரிசு. பின்னேரம் ஆருமில்ல. பூச்சியத்துக்கு நிக்காஹ்வில என்ன வேல? நான் வாறன்."

'வாறன்' என்றால் எங்கள் ஊரில் போகிறேன் என்று பொருள். அவர் போனால் வலீ இல்லை. கதவோரம் நின்ற சிபானா முந்தானையை வாய்க்குக் கொடுத்து அழத் தொடங்கினாள். ஆறு தேத்தண்ணி குடிக்க வைத்தது காணி அல்ல என்பது எனக்கு அப்போதுதான் பட்டது. இவ்வளவு வருடத்தில் அந்த வீட்டார் எந்தத் தாளிலும் அவர் பெயரை எழுதியதில்லை.

ஹபீபா வழியை மறித்து நின்றாள்.

"சாச்சா, காணியில நீங்க பூச்சியந்தான். நான் பொய் செல்லல்ல. நிக்காஹ்வில நீங்க இல்லாட்டி நாங்க நாலு பேரும் பூச்சியம். மறுகா ஒங்கட இஷ்டம்."

சாச்சா தாளைப் பார்த்தார். பிறகு சிபானாவைப் பார்த்தார்.

"அழாத புள்ள. ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ்வுக்கு வாறன். ஆனா பஸ்ஸில வரமாட்டன். வான் அனுப்பணும். ஏசி வான்."

"அனுப்புவாங்க," என்றாள் ஹபீபா. "பேர அடிச்ச பிரிண்டர் மாஸ்டர்ர வீட்டுதானே!"

நிக்காஹ் நன்றாக நடந்தது. நான் கொடுத்த வான் கூலி, போக வர, 2,350 ரூபாய். ஏசி வேலை செய்யவில்லை.