செம்பரம்பாக்கத்தில் நின்றுபோன படகு மோட்டார்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. பூந்தமல்லி போகும் வழியில் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நிற்கிறேன். மீனவர் முனுசாமியின் படகு மோட்டார் நியூட்ரலில் நன்றாக ஓடுகிறது. கியர் போட்டதும் நின்றுவிடுகிறது. நடு ஏரியில் வலை நிறைய மீன். வெயில் ஏறினால் கெட்டுவிடும்.

"பிளக்கு, பெட்ரோலு எல்லாம் சரியா கீது சார்."

மெக்கானிக்கான நான், முறைப்படி அடுத்தது தண்ணீருக்குள் சுழலும் விசிறி என்கிறேன். மோட்டாரைத் தண்ணீரிலிருந்து தூக்குகிறார். நேற்றைய சாமந்தி மாலை விசிறியை நாரோடு இறுக்கிக்கொண்டிருக்கிறது.

"மாலை கட்ட வேறு இடமே கிடைக்கவில்லையா?"

"ஒயைக்கிறது அதானே சார்? அதுக்குதான் மரியாத."

கத்தியால் அறுக்கிறார். படகு சீறிக் கிளம்புகிறது.

"நேத்து பூஜ போட்டேன், இன்னிக்கே சாமி உன்ன அனுப்சிட்சி பாத்தியா சார்!" என்று கத்துகிறார்.

நல்லவேளை, மாலை அறுந்துவிட்டது. என் கழுத்து தப்பியது.