பட்டு நூலில் கட்டிய ஆக்சில் பூட்

ஐயம்பேட்டையில் ஜான்சன் என்று கேட்டால் "எந்த ஜான்சன்?" என்பார்கள். வெள்ளை வண்டி ஜான்சன் என்றால் வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள்.

அவருடைய அப்பா ஆயுள் முழுக்க அடுத்தவர் கழனியில் வரப்பு வெட்டியவர். ஜான்சன் ஒரு பட்டுக்கடை வேனில் கிளீனராக ஏறி, டிரைவராகி, மகள் பிறந்த வருடம் அந்த வெள்ளைக் காரைப் பழையதாக வாங்கினார். ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையை அழைத்துவந்ததுதான் முதல் சவாரி. இப்போது அவள் வேலூரில் நர்சிங் படிக்கிறாள்.

பட்டு எடுக்க வந்த எத்தனை கல்யாணக் கூட்டங்களை அந்த வாடகை வண்டி சுமந்தது! பின்சீட்டில் அத்தையும் சித்தியும் புடவை நிறம் அரக்கா, மாம்பழ மஞ்சளா என்று சண்டை போட்டுக்கொண்டே வருவார்கள். ஒருமுறை மணப்பெண்ணே, "டிரைவரண்ணா, நீங்க சொல்லுங்க" என்று கேட்டுவிட்டாள். அரக்கு என்றார். அதையே எடுத்தார்கள். தாமல் ஏரி நிரம்பிய வருடங்களில் கரையோரம் வண்டியை நிறுத்துவார். குழந்தைகள் இறங்கி ஓட, பெரியவர்கள் புடவைப் பையை மடியிலிருந்து இறக்காமல் தண்ணீரைப் பார்ப்பார்கள்.

அவர் வீட்டுச் சந்துக்குள் கார் நுழையாது. நெசவாளர் தெருக் கோடியில்தான் நிறுத்துவார். விடிந்ததும் அங்கே பாவு நீட்டுவார்கள். குச்சிகளுக்கு நடுவே பட்டு இழைகள் தெரு நீளத்துக்கு விரியும். அதற்கு முன்னால் வண்டியை எடுத்துவிட வேண்டும். இது பல வருடப் பழக்கம்.

போன மாதம் ஒரு காலை, வண்டியை எடுத்த இடத்தில் கருப்புக் கருப்பாகத் திட்டுகள்.

"ஜான்சா! இன்னாபா, உன் வண்டிக்குப் பேதியா?" என்று கத்தினாள் தறிக்காரி வடிவாம்பாள். "பாவு மேல ஒரு சொட்டு பட்டுச்சுனா ஒரு கல்யாணப் புடவையே போச்சு. சரி பண்ணு, இல்லாட்டி இங்க நிறுத்தாத."

குனிந்து பார்த்தார். இடது முன்சக்கரத்துக்குப் பின்னால், ஆக்சில் முனையை மூடியிருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் பூட் கிழிந்து, உள்ளே இருந்த கிரீஸ் சக்கரமெங்கும் தெறித்திருந்தது. ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினார். ஆக்சிலையே மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகைக்குப் பாதி வண்டியை விற்க வேண்டும்.

"வித்துடலாங்க. புரோக்கர் தர்மன் கேட்டுக்கினே இருக்கிறான்" என்றாள் மனைவி ரெபேக்கா.

அவருக்கு மனம் வரவில்லை. மறுநாள் வடிவாம்பாளே ஒரு வழி சொன்னாள். "கிழிஞ்ச எடத்துல சைக்கிள் டியூப்பைச் சுத்து. மேல எங்க பட்டு நூலால கட்டு. யானையைக் கட்டினாலும் அறுந்து போவாதுபா." கழிவு நூலில் ஒரு கொத்தும் கொடுத்தாள். முறுக்கி, நெசவாளர் முடிச்சுப் போட்டு அவளே கட்டியும் விட்டாள்.

அதோடு ஒழுகல் குறைந்தது. ஆனால் வளைவுகளில் டக் டக் என்று சத்தம் வர ஆரம்பித்தது. வளையும்போது சத்தம் வந்தால் ஆக்சில் முனையே தேய்ந்துவிட்டது என்று ஜான்சனுக்குத் தெரியும். அதற்குமேல் பூட் மாற்றிப் பயனில்லை. விற்பதுதான் வழி. தர்மனிடம் சொன்னார்; அவன் அன்றைக்குச் சாயங்காலமே வாங்குகிற ஆளோடு வருவதாகச் சொல்லிவிட்டான்.

கடைசியாக ஒருதரம் பார்த்துவிடலாம் என்று செவிலிமேட்டு மெக்கானிக் சிட்டிபாபுவிடம் வண்டியை விட்டார். ரெபேக்காவும் கூட வந்தாள். சிட்டிபாபு சக்கரத்தைக் கழற்றியதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இன்னா ஜான்சன், ஆக்சிலுக்குப் பட்டுப்பாவாடை கட்டியிருக்கிற? சீமந்தமா?"

"சிரிக்காதபா. ஆக்சில் போயிடுச்சா, சொல்லு."

நூல் அறுந்திருக்கவில்லை. ஆனால் கிரீஸ் ஊறி வழுக்கி நகர்ந்திருந்தது. அதனால் டியூப்பின் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சிட்டிபாபு வளைவில் போவதுபோலச் சக்கர முனையைத் திருப்பி ஆக்சிலைச் சுற்றிக் காட்டினார். நீட்டிக்கொண்டிருந்த டியூப் முனை பக்கத்துக் கம்பியில் அடித்தது. டக்.

"உன் சத்தம் இதுதானா பாரு. உள்ளே மண் பூந்திருக்குதான்னு கழட்டினாதான் தெரியும்."

ஆக்சிலை இழுத்து, முனையைப் பிரித்து, பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவினார். உள்ளே இருந்த இரும்புக் குண்டுகளை ஒவ்வொன்றாக விரலில் உருட்டி வெயிலில் பார்த்தார். மண் இருந்தது; தேய்மானம் இல்லை. புது பூட், புது கிளிப், ஒரு பொட்டலம் கிரீஸ். ஒரு சென்னைச் சவாரியில் வருகிற காசுக்குள் வேலை முடிந்தது.

"ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு, ரவுண்டு அடிச்சுப் பாரு" என்றார் சிட்டிபாபு.

எதிரே வெற்று மைதானம். ரெபேக்கா பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். ஜான்சன் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, இடது பக்கமாக வட்டமடித்தார். பிறகு வலது பக்கமாக. பிறகு மறுபடி இடது.

"ஏதாவது கேக்குதா?"

"உங்க மூச்சு சத்தம்தான் கேக்குது."

இன்னொரு வட்டம் போனார். ரெபேக்கா அவருடைய செல்லை எடுத்து எண்ணைத் தேடினாள்.

"தர்மா? நான் ஜான்சன் வீட்டுக்காரம்மா பேசறேன். ஆளைக் கூட்டிக்கினு வராதபா. வண்டி குடுக்கறதா இல்ல."