பச்சைத்துருத்தில் ஒரு தென்னை

கேரள எல்லையோரம் அமரவிளையில் என் பஞ்சர் கடைக்கு எதிரே கொஞ்சம் புறம்போக்கு கிடந்தது. நகரசபை அதைச் சுத்தம் செய்து, நாவல், புங்கு, வேங்கை என்று நாட்டு மரக்கன்றுகள் நட்டு வேலி போட்டது. 'பச்சைத்துருத்து' என்று பலகையும் வைத்தார்கள். அரசு ஊர் ஊராக இப்படிச் சின்னக் காடுகள் உண்டாக்குகிறதாம். நல்லதுதான், என் கடைக்கும் நிழல் வரும்.

எனக்குப் பிடிபடாத காரியம் வேறு. கருணாகரன் அண்ணன் தினமும் காலையில் குடத்தோடு வந்து, மூலையில் நின்ற ஒரு தென்னங்கன்றுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார். பக்கத்தில் வாடி நிற்கும் நாவலைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

செடி வளர்க்கிற ஆளே இல்லை அவர். செக்போஸ்ட் இருந்தவரை லாரியில் சுமை இறக்கினார். அது மூடின பிறகு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தூக்கினார். காலனியில் மூன்று சென்ட் வீடு. கிணறும் கக்கூஸ் குழியும் போக ஒரு சைக்கிள் நிறுத்தலாம். போன வருடம் மனைவி சுகுமாரி இறந்தபோது சிதை அடுக்க இடமில்லாமல் மின்மயானத்துக்குக் கொண்டு போனோம்.

ஒருநாள் கன்றுகளைப் பார்வையிட நகரசபை ஓவர்சியர், ரெஷ்மா என்ற சின்னப் பெண், வந்தது.

"தெங்கு லிஸ்டில் இல்லல்லோ. யாரு வச்சது?"

"நானாக்கும் மோளே. சுகுமாரிக்கு வச்சது. வீட்டுல இடமில்ல."

நகரசபைக் கூலிக்குக் களை கொத்திக்கொண்டிருந்த லேகா மண்வெட்டியைக் கீழே போட்டாள். செத்தவரை வீட்டு மண்ணிலேயே எரித்து, அந்த இடத்தில் தென்னை நடுவது இங்கே வழக்கம். அப்படியானால் இதற்கு அடியில் என்ன?

"அண்ணே, அஸ்திய இதுக்குள்ளயா வச்சிருக்கிய? எனக்குப் பயமாக்கும்."

"அஸ்தி அருவிப்புறத்துல ஆத்துல விட்டாச்சு. இவன் கூட வந்தான், கேளு." என்னைக் காட்டினார்.

"இவருக்க சாட்சியா? கரையில நின்னு பீடி வலிச்சிருப்பாரு."

அது உண்மை. கலயத்தை முழுக்கக் கவிழ்த்தாரா, கொஞ்சம் மிச்சம் பிடித்தாரா, நான் பார்க்கவில்லை.

"அஸ்தி உண்டெங்கில் இப்பவே பிடுங்கணும்" என்றது ரெஷ்மா. "இல்லெங்கில் ஆலோசிக்கலாம்."

அண்ணன் லேகாவின் மண்வெட்டியை எடுத்து, வேர் அறாமல் சுற்றித் தோண்டினார். தோளில் கிடந்த துவர்த்தை விரித்து, கன்றை மண்ணோடு தூக்கி அதில் வைத்தார். கழற்றின டயரை அப்படியே போட்டுவிட்டு வந்து நானும் குனிந்தேன். குழிக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது.

லேகா இரண்டடி பின்னால் போனாள். "இது என்னவாக்கும்?"

"அடுப்புச் சாம்பலும் உப்பும். உங்க வீட்டுல போடாமலா தென்ன வைப்பிய?"

போடாத வீடு இல்லை. ஆனாலும் லேகா குழியில் கைவிட்டுக் கிளறினாள். பாதி எரிந்த தேங்காய்ச் சிரட்டைத் துண்டு ஒன்று அகப்பட்டது. முகர்ந்து பார்த்தாள்.

"சிரட்டதான். வேற ஒண்ணும் இல்ல."

ரெஷ்மா பலகையைப் பார்த்தது, வேலியைப் பார்த்தது. "உள்ளே வைக்கான் பற்றில்ல, லிஸ்ட் உண்டு. வேலியோரம் வச்சோ. வேலிக்கு லிஸ்ட் ஒண்ணும் இல்ல."

புதுக்குழியை லேகாதான் வெட்டினாள். அண்ணன் கன்றை இறக்கி மண்ணை மிதித்தார்.

"காய்ச்சா எங்களுக்கு எளநி உண்டா அண்ணே?" என்று கேட்டாள்.

"அவ இருந்தா சும்மா தருவா. நான் எண்ணித்தான் தருவேன்."